உள் டிக்கெட்

பொன்ராம் மேலே எழும்பும்போது என் முட்டி வலிக்காது. மற்ற நேரமெல்லாம் வலிக்கும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் மூன்று வருஷம் அந்தப் பையனை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் பிடித்து வைத்திருந்தேன். விளையாட்டுக்குச் சேவை, ஊருக்குப் பெருமை என்று மேடையில் பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

என் பெயர் கொண்டல்சாமி. ஏழாம் வகுப்போடு நின்றவன். ஆறடி மூன்றங்குலம் வளர்ந்து தொலைத்ததால் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். காலையில் நூல் சுற்றும் வேலை, சாயங்காலம் மில் டீமுக்குக் கூடைப்பந்து. இருபத்தாறு வயதில் திருச்சியில் ஒரு ஆட்டத்தில் எம்பி இறங்கியபோது இடது முட்டி திரும்பிக்கொண்டது. மில் டாக்டர் ஒரு மாதத்தில் ஓடலாம் என்றான். நாற்பது வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து டாக்டர்களையும் நம்புவதில்லை, இன் பண்ணிச் சட்டை போட்டவர்களையும் நம்புவதில்லை.

அப்புறம்தான் இந்தக் கூடைப்பந்து லீக் வந்தது. முன்பெல்லாம் ஜனங்கள் ஆட்டத்தைப் பார்த்தார்கள். இப்போது பார்ப்பது போதவில்லை. ஆடுகிறவன் பிடரியில் ஒரு பட்டை, காசு கொடுத்தவன் பிடரியில் ஒரு பட்டை. கண்ணை மூடி உட்கார்ந்தால் அவன் கை உன் கை, அவன் கால் உன் கால். அவன் எம்பினால் நீ எம்புகிறாய். சும்மா வேடிக்கை பார்க்கிறவனுக்கு வெளி டிக்கெட். ஆட்டக்காரன் உடம்புக்குள் இறங்குகிறவனுக்கு உள் டிக்கெட். லீக் பிழைப்பதே உள் டிக்கெட்டில்தான்.

ஒரு பையன் அந்த லீக்குக்குப் போக வேண்டுமென்றால் பத்தாம் வகுப்பிலிருந்தே பட்டையோடு ஆடிப் பழக வேண்டும். எதிரில் வாங்கிக்கொள்ள ஓர் உடம்பு இல்லாவிட்டால் பட்டை பழகாது. அந்த உடம்புக்குப் பெயர் ஜோடியாள்.

பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் ஜெயசீலன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். மில் டீமில் எனக்குப் பின்னால் வந்தவர்.

"அண்ணாச்சி, நம்ம ஸ்கூல்ல ஒரு பய இருக்கான். தண்ணி லாரி ஓட்டுற முனியாண்டி மகன், பொன்ராம். பதினஞ்சு வயசுல வளையத்தத் தொடுறான். ஜோடியாளுக்கு நீங்க வரணும்."

"ஊர்ல வேற ஆள் இல்லியா?"

"ஆடாதவனுக்குப் போட்டா வாந்தி எடுக்கிறான். எனக்குப் போட்டுப் பாத்தேன், குள்ளமா இருக்கேன்ல, தல சுத்தி விழுந்துட்டேன். ஆடுன உடம்பாவும் இருக்கணும், உயரமும் ஒத்து வரணும்."

"கரண்டு கிரண்டு அடிக்குமா?"

"அடிக்காது அண்ணாச்சி. சும்மா சேர்ல உக்காந்து கண்ண மூடணும், அம்புட்டுத்தான்."

"மில் டாக்டரும் இப்படித்தான் அம்புட்டுத்தான்னான்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன்.

முதல் நாள் கோர்ட் ஓரத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார வைத்தார்கள். பட்டை பிடரியில் ஈரத்துணி போல ஒட்டியது. கண்ணை மூடினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளங்கையில் பந்தின் சொரசொரப்பு. என் கை மடியில் இருக்கிறது, ஆனால் கையில் பந்து இருக்கிறது. இரண்டு அடி ஓடினேன். மூன்றாவது அடியில் தரை போய்விட்டது.

இறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொள்ளக் கை தானாகப் போனது. வலியே இல்லை. நாற்பது வருஷத்தில் முதல் தடவை.

கண்ணைத் திறந்தபோது பையன் எதிரில் நின்றான். ஒல்லி, நீளக் கை, மூக்கில் வியர்வை.

"எப்படி இருந்துச்சு தாத்தா?"

"தாத்தாவா? பல்லு பேந்துரும். அண்ணாச்சின்னு கூப்பிடு."

"சரி தாத்தா அண்ணாச்சி" என்று சிரித்துவிட்டு ஓடினான். திமிர் பிடித்த பயல்.

அதற்குப் பிறகு காலை ஆறு மணி, சாயங்காலம் நாலரை மணி, எனக்கு வேறு வேலை கிடையாது. மாவட்டப் போட்டிக்கு வேனில் கூடவே போனேன். ஸ்டேட் செலக்‌ஷனுக்கும் போனேன். பட்டை இரண்டையும் நானே வைத்துக்கொண்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சென்னைக்கு சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும் என்று காகிதத்தில் போட்டிருந்ததாம். ஜெயசீலன் கேட்கும்போதெல்லாம் முடியாது என்றேன். ஓடுகிற மெஷினைப் பிரித்தால் திரும்ப ஓடாது. மில்லில் பார்த்திருக்கிறேன். அதோடு, சர்வீஸுக்குப் போன பட்டை திரும்பி வரும் என்று யார் சொன்னது? அங்கே வேறொருவன் பிடரியில் மாட்டிப் பார்த்துவிட்டால்?

இங்கே ஆரம்பித்ததுதான் என் வயிற்றெரிச்சல். மறைக்க ஒன்றும் இல்லை.

பொன்ராமுக்கு ரியாஸ் என்று ஒரு கூட்டாளி. டீமில் இரண்டு பேரும் ஜோடி மாடு போல. பொன்ராம் பந்தை எடுத்து ஓடுவான், ரியாஸ் வளையத்துக்குக் கீழே வந்து நிற்பான், இவன் பார்க்காமலே கொடுப்பான். பார்க்கிறவர்களுக்கு அழகு. உள்ளே இருக்கிறவனுக்கு? கையிலிருந்து பந்து போன அந்த நொடியில் சோற்றுத் தட்டைப் பிடுங்கினது போல இருக்கும். நாற்பது வருஷம் கழித்துக் கையில் வந்த பந்தை எதற்கடா அவனுக்குக் கொடுக்கிறாய் என்று உள்ளுக்குள் கத்துவேன். ரியாஸ் கூடை போட்டால் வயிற்றில் மிளகாய் அரைத்துப் பூசினது போல எரியும். அவனோடு பொன்ராம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டால் எரியும். ஜெயசீலன் பொன்ராம் தோளில் கை போட்டு "எங்க ஸ்கூல் பய" என்று சொன்னால் எரியும். பொன்ராமைப் பார்த்தே சில நாள் எரியும். ஆட்டம் முடிந்ததும் அவன் உடம்பை அவனே எடுத்துக்கொண்டு போகிறான். நான் என் உடம்பைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தபோது பையனின் ஆட்டம் மாறியது. பந்தைக் கொடுப்பது குறைந்தது. எனக்கு சந்தோஷம். வாத்தியாருக்குக் கோபம்.

"ஏன்டா, ரியாஸ் சும்மா நிக்கிறான், கண்ணு தெரியலியா ஒனக்கு?"

"கொடுக்கணும்னுதான் சார் நெனக்கிறேன். கை வர மாட்டேங்குது."

"கை வரலியாம்! பெரிய மகாராசா!"

ஸ்டேட் அரையிறுதியில் கடைசி நேரம். ரியாஸ் வளையத்துக்கு நேர் கீழே, பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. பொன்ராம் கொடுக்காமல் இரண்டு பேருக்கு மேலே எம்பிப் போட்டான். விழுந்தது. ஜெயித்தோம். எல்லாரும் அவனைத் தூக்கினார்கள். ரியாஸ் மட்டும் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் லீக்கிலிருந்து ஆள் அனுப்பினார்கள். தமயந்தி என்று ஒரு பெண். முப்பது வயதிருக்கும். ஒரு பெட்டி நிறைய ஒயர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சாமான் வைக்கிற அறையில் உட்கார்ந்து பொன்ராமை ஸ்கேன் பண்ணினாள், ஓட விட்டாள், பட்டையில் எண்களைப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"உக்காருங்க சார். ரெண்டு விஷயம். பொன்ராமை எடுக்கிறதா முடிவாயிடுச்சு. அக்ரிமென்ட் போட்டதும் ஸ்கூல் பட்டையைக் கழட்டிட்டு லீக் பட்டை போடுவோம். உங்க இணைப்பு அதோட முடிஞ்சிடும்."

"நான் கூட மெட்ராஸ் வர்றேன். ஒரு மூலையில உக்காந்துக்கிறேன்."

"அப்படி முடியாது சார். லீக் பட்டைல தனி ஆள் கிடையாது. லட்சம் பேர் ஒண்ணா இறங்குவாங்க. வேணும்னா நீங்களும் உள் டிக்கெட் வாங்கிக்கலாம்."

லட்சம் பேர். மதுரையில் மளிகைக் கடை வைத்திருக்கிறவன், பெங்களூரில் கம்ப்யூட்டர் தட்டுகிறவன், பந்தையே தொடாத பயல்கள் எல்லாரும் அந்தக் கைக்குள் கையை விடுவார்கள். அவன் பத்தாவது படிக்கையில் முதல் தடவை வளையத்தில் தொங்கியபோது உள்ளே இருந்தது நான் ஒருத்தன்.

"ரெண்டாவது?" என்றேன்.

"உங்க வாக்குமூலம் வேணும். ஸ்கேனை மட்டும் நாங்க நம்பறதில்ல. காயத்தை மறைச்சு பசங்களை அனுப்பிடறாங்க. உள்ள இருந்தவங்க நீங்க ஒருத்தர்தான். நீங்க சொல்றதுதான் கடைசி வார்த்தை. அவன் உடம்புல எங்கயாவது வலி இருக்கா?"

ஒரு வலியும் இல்லை. மூன்று வருஷத்தில் அவன் உடம்பில் சுளுக்குக் கூட நான் கண்டதில்லை. கோவில் மணி போல இருந்தது அந்த உடம்பு.

"இருக்கு" என்றேன். "இடது முட்டி. எம்பி இறங்கும்போது உள்ளுக்குள்ள ஊசி ஏத்துன மாதிரி வலிக்கும். மூணு வருஷமா இருக்கு."

திட்டம் போட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வலி அது ஒன்றுதான், அதுதான் வாயில் வந்தது. லீக் வேண்டாம் என்று சொல்லிவிடும், பையன் இங்கேயே கிடப்பான், காலை ஆறு மணிக்கு சேர் போட்டு உட்காரலாம். அவ்வளவுதான் என் கணக்கு. அவன் அப்பன் லாரி, அவன் எதிர்காலம், அதையெல்லாம் அந்த நிமிஷம் நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

தமயந்தி பேனாவைக் கீழே வைத்தாள். வெளியே நின்ற ஜெயசீலனையும் பொன்ராமையும் கூப்பிட்டாள். நான் சொன்னதை அப்படியே சொன்னாள்.

ஜெயசீலன் என் மேல் பாய்ந்தார். "அண்ணாச்சி! என்ன பேசுறீங்க? இவனுக்கு முட்டி வலியா? மேடம், இந்தாளுக்குப் பொறாம மேடம். ஊருக்கே தெரியும்!"

நான் பொன்ராம் முகத்தைப் பார்க்கவில்லை. பொய்யா சொல்றீங்க என்று கத்துவான் என்று காத்திருந்தேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உண்மைதான் மேடம். வலிக்கும்."

தமயந்தி பேனாவைத் திரும்ப எடுத்தாள்.

"இடது முட்டி. இறங்கும்போது. பத்தாவதுல இருந்து வலிக்குது. வெளிய சொன்னா எடுக்க மாட்டாங்கன்னு யார்ட்டயும் சொல்லல. எங்க அம்மாட்ட கூட சொல்லல." என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி உள்ள இருக்காரே, அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவரும் சொல்லாம இருந்தாரு. இன்னைக்குக் கேட்டதும் சொல்லிட்டாரு."



தமயந்தி ஸ்கேனைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். "முட்டி சுத்தமா இருக்கே. வீட்ல மாடிப்படி ஏறினா வலிக்குமா?"

"இல்ல மேடம்."

"சைக்கிள் மிதிச்சா?"

"இல்ல. கோர்ட்ல மட்டும்தான்."

"பட்டை இல்லாம எப்பவாவது ஆடிருக்கியா?"

"அண்ணாச்சி வர்றதுக்கு முன்னாடி ஆடுனது. அப்போ வலிக்கல. அப்புறம் பட்ட இல்லாம ஆட விட்டதில்ல."

அவள் என் பக்கம் திரும்பினாள். "சார், உங்க முட்டியைக் காட்டுங்க."

காட்டவில்லை. காட்டத் தேவையும் இல்லை. நான் நொண்டுவதை வந்த அன்றே பார்த்திருப்பாள். பட்டைகளை வாங்கி ஒயரில் மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"முதல் நாள் ஜோடி சேர்க்கும்போது பத்து நிமிஷம் ரெண்டு பக்கமும் திறந்து விடுவாங்க. அப்புறம் ஒரு பக்கம் தானா அடைஞ்சிடணும், அடையலன்னா சர்வீஸ்ல பாத்து அடைச்சிடுவாங்க. இதை யாரும் அடைக்கவே இல்ல. சர்வீஸுக்கு ஏன் அனுப்பல?"

ஜெயசீலன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அப்படின்னா என்ன மேடம்?" என்றான் பையன்.

"அவருக்கு உன் உடம்பு போன மாதிரி, உனக்கு அவர் உடம்பு வந்துக்கிட்டு இருந்திருக்கு. உன் முட்டில ஒண்ணும் இல்ல. அது அவரோட வலி."

என் வலி போய்விட்டது என்றுதான் மூன்று வருஷம் நினைத்திருந்தேன். அது எங்கேயும் போகவில்லை. ஒரு பதினைந்து வயதுப் பையன் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான்.

பட்டையைக் கழற்றிவிட்டு அவனை ஆட விட்டார்கள். நான் சேரில் உட்காரவில்லை, தூணில் சாய்ந்து நின்றேன். அவன் ஆடுவதை நான் வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. முதல் தடவை எம்பினான். இறங்கும்போது வழக்கமான பயத்தில் உடம்பைச் சுருக்கினான். தரையில் கால் பட்டதும் அப்படியே நின்று முட்டியைத் தொட்டுப் பார்த்தான். இரண்டாவது தடவை எம்பியபோது வளையத்துக்கு மேலே அவன் முழங்கை தெரிந்தது. நான் உள்ளே இருந்தவரைக்கும் மணிக்கட்டுதான் போயிருக்கிறது. ஒரு சாண் உயரத்தை நான் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜெயசீலன் வாயில் விரல் வைத்து விசில் அடித்தார். தமயந்தி அங்கேயே அக்ரிமென்டை நீட்டினாள்.

அடுத்த நாள் பையன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு கிலோ ஆப்பிள். நான் என்ன ஆஸ்பத்திரியிலா கிடக்கிறேன்?

"அண்ணாச்சி, நீங்க நேத்து சொல்லலன்னா அந்த வலியோடவே லீக்குக்குப் போயிருப்பேன். பயந்து பயந்து ஆடியிருப்பேன்."

"ம்" என்றேன்.

"இன்னொண்ணும் போயிருச்சு. என்னன்னு தெரியல. ஒரு வருஷமா கைல பந்து இருக்கும்போது வயித்துல ஒரு எரிச்சல். ரியாஸ்ட்ட குடுக்கப் போனா நெஞ்சு அடைக்கும். அவன் கூடை போட்டா அழுகையே வரும். நான் கெட்டவனாயிட்டேன்னு நெனச்சேன். சாமிக்குக் கூட வேண்டிக்கிட்டேன். நேத்து பட்ட இல்லாம ஆடுனேன்ல, பந்து சும்மா பொசுக்குன்னு கையை விட்டுப் போகுது. தமயந்தி மேடத்துட்ட கேட்டேன். மனசெல்லாம் பட்டைல வராது, உடம்புதான் வரும்னாங்க. அப்ப அது என்னோடதுதானா அண்ணாச்சி?"

அந்தப் பெண் நிறையப் படித்தவள். ஆனால் பொறாமை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அது மனசில் இல்லை. தொப்புளுக்கு நாலு விரல் மேலே இருக்கிறது. கையில் வைத்துக் காட்டுவேன்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பையன் ஆப்பிளைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பான். ஆனால் வாழ்நாள் முழுக்கத் தன்னைக் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

"ஒன்னோடது இல்ல. என்னோடது" என்றேன். "நீ அவனுக்குக் குடுத்தா எனக்கு எரியும். முட்டி வலின்னு சொன்னதும் பொய்தான். ஒனக்கு வலிக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஒன்ன விடக் கூடாதுன்னு சொன்னேன்."

அவன் ஆப்பிள் பையின் வாயை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"முட்டிய விடுங்க" என்றான் கடைசியில். "அரையிறுதில இருந்து ரியாஸ் என் மூஞ்சியப் பாக்கல. அதுக்கு என்ன சொல்றீங்க?"

பையை வைத்துவிட்டு எழுந்து போனான். அண்ணாச்சி என்றும் சொல்லவில்லை, தாத்தா என்றும் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்து லீக்கில் அவனுடைய முதல் ஆட்டம். மதுரையில் ஒரு ஹாலில் பெரிய திரை கட்டி, உள்ளே முந்நூறு சாய்வு நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லாம் உள் டிக்கெட். நான் வெளி டிக்கெட் கேட்டதும் கவுண்டரில் இருந்தவன் மேலும் கீழும் பார்த்தான்.

"அதுக்கு வீட்லயே டிவில பாக்கலாமே பெரியவரே."

"ஒன் வேலையப் பாருடா."

பின்னால் ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். ஆட்டம் தொடங்கியதும் முந்நூறு பேரும் கண்ணை மூடினார்கள். எனக்கு முன்னால் ஒரு வழுக்கைத் தலைக்காரன், சரியான தொப்பை. பொன்ராம் எம்பும்போது அவன் நாற்காலியில் துள்ளினான். அந்தப் பிடரியில் ஒன்று வைக்கலாமா என்று இருந்தது. அது நான் இருந்த இடம்.

திரையின் ஓரத்தில் ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது. பொன்ராமுக்குள் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண். ஆட்டம் நடக்கிற மைதானத்திலும் அதே எண்ணைப் பெரிதாக மாட்டியிருந்தார்கள்.

நல்லாத்தான் ஆடினான். பந்தை எடுத்தான், ஓடினான், வளையத்துக்குக் கீழே நின்ற கூட்டாளி ஒருத்தனுக்குப் பார்க்காமலே கொடுத்தான். கூடை விழுந்தது.

ஹால் முழுக்க "ச்சே" என்றது. முந்நூறு வாயும் ஒன்றாக. வழுக்கைத் தலைக்காரன் கண்ணைத் திறக்காமலே, "எதுக்குடா குடுக்கிற? கைல வச்சுக்கடா!" என்று முனகினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டான். தொப்புளுக்கு நாலு விரல் மேலே.

ஓரத்து எண் குறைந்தது. சில பேர் வேறு ஆட்டக்காரனுக்குள் தாவிவிட்டார்கள் போல. பொன்ராம் இன்னொரு தடவை கொடுத்தான். இன்னும் குறைந்தது. பெஞ்சில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த கோச் எழுந்து நின்று கையை ஆட்டினான். பையன் தலையைத் தூக்கி அந்த எண்ணைப் பார்ப்பது திரையில் தெரிந்தது.

லீக் பட்டையில் ஒரு பக்கத்தைச் சரியாக அடைத்திருக்கிறார்கள். ஒருத்தன் வயிற்றெரிச்சலும் அவன் உடம்புக்குள் போகாது. அதைத்தான் சுவரில் எண்ணாக எழுதிக் காட்டுகிறார்கள்.

மூன்றாவது தடவை பந்து வந்தது. அதே கூட்டாளி வளையத்துக்குக் கீழே, பக்கத்தில் ஆளே இல்லை. பொன்ராம் அவனைப் பார்த்தான். எண்ணைப் பார்த்தான். மூன்று பேருக்கு மேலே எம்பித் தானே போட்டான்.

விழுந்தது. முந்நூறு பேரும் கண்ணை மூடியபடியே கூச்சல் போட்டார்கள். ஒருத்தன் அழுதான். எண் சரசரவென்று ஏறியது.

வளையத்துக்குக் கீழே கையைத் தூக்கிக்கொண்டு நின்ற கூட்டாளி கையை மெதுவாக இறக்கினான். அந்த ஹாலில் அதைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.